நூற்றேழு கிலோமீற்றரும் இரண்டு சட்டித் தயிரும்

மட்டக்களப்பு விமான நிலையத்தில் இருந்து திருகோணமலைச் சீனன்குடாவுக்கு ஆகாயத்தில் ஒரு கோடு கீறினால் 107 கிலோமீற்றர் வரும். சின்னச் செஸ்னா கரவன்கூட மணிக்கு 300 கிலோமீற்றர் பறக்கும். ஆக, இருபத்தொரு நிமிடம். தம்பியின் மகன் இந்தக் கணக்கைப் போனில் போட்டுச் சொன்ன நாளில் இருந்து எங்கள் வீட்டில் ஒருவரும் நிம்மதியாகத் திருகோணமலை பஸ் ஏறியதில்லை.

பெரியப்பாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. "கிண்ணியாத் துறையில பாதைக்கு நிண்ட நேரத்தையும் சேர்த்தா சொல்றாய்?" என்றார். 2009இல் அங்கே 396 மீற்றர் நீளத்துக்குப் பாலம் வந்துவிட்டதை அவர் இன்னும் முழுமனதாக அங்கீகரிக்கவில்லை. உப்பாறு, கங்கை, இறால்குழி என்று துறைதுறையாக இறங்கி, பஸ்ஸும் 'பாதை' என்கிற மிதவையில் ஏறும்வரை வெயிலில் நின்றவர். தூரத்தை ஆற்றுக் கணக்கில்தான் அளப்பார்.

எங்கள் விமான நிலையமும் திமிலைதீவில், வாவிக்கரையில்தான் இருக்கிறது. 1958இல் திறந்தது. 1983இல் விமானப்படையிடம் போனது, உள்ளூர்ப் பயணிகளுக்கென்று மறுபடி திறக்க 2018 ஆயிற்று. அதற்கிடையில் எங்கள் ஆட்கள் பலர் மட்டக்களப்பில் பிளேனே ஏறாமல் கனடா போய், குடியுரிமையும் எடுத்துவிட்டார்கள். இப்போது பெயரில் 'சர்வதேச' என்ற சொல்லும் ஏறியிருக்கிறது. அந்தச் சொல் வந்துவிட்டது, சர்வதேசம்தான் இன்னும் வந்து சேரவில்லை.

"நேரே பிளேன் இல்லாட்டி, கட்டுநாயக்க போய் மாறினா?" கோபம் ஆறியதும் பெரியப்பாவே கேட்டார். அளந்து பார்த்தோம். அங்கிருந்து இரண்டு ஊருக்கும் ஏறத்தாழ ஒரே தூரம், 200 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல். 107 கிலோமீற்றர் போக 400க்கு மேல் பறக்க வேண்டும். ரயிலும் இதே மூளைதான்: மேற்கே கல்லோயாச் சந்திவரை போய், மாறி ஏறி, வடகிழக்கே திரும்பி வரவேண்டும். கிழக்கில் இருந்து கிழக்குக்குப் போகிறவனும் மேற்கைக் கும்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் போலிருக்கிறது.

இதில் பெரிய பகிடி, அந்த ஆகாயக் கோடு வாழைச்சேனை, வாகரை, வெருகல் என்று ஏறக்குறைய எங்கள் பஸ் வீதிக்கு மேலாலேயே போகிறது. வீதியால் போனாலும் 130 கிலோமீற்றர்தான் வரும். மூன்று மணித்தியாலத்தை விழுங்குவது தூரமல்ல. ஓட்டமாவடிப் பிளேன்ரீ, வாகரையில் ஏறுகிற சொந்தக்காரர், அவரை விசாரித்து முடிக்கிற பெரியம்மா.

பெரியம்மா இதுவரை வாய் திறக்கவில்லை. சம்பந்தி வீட்டுக்கான இரண்டு சட்டி எருமைத் தயிரையும் வாழைநாரால் கட்டிக்கொண்டு இருந்தார். முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்து கேட்டார்:

"மறுகா, பிளேன்ல போனா வெருகல் முருகன் கோயிலடியில ஒருக்கா நிப்பாட்டுவாங்களா, மகன்?"