மலிவு லாகர் நயம்: நாரந்தனை வழக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

லாகர் என்பது 'கிடத்திவை' என்னும் பொருள்தரும் ஜெர்மன் வினையடியாகப் பிறந்த சொல். குளிரில் வாரக்கணக்கில் கிடந்து தெளிவதால் அப்பெயர். நாரந்தனை அறிந்த மதுவான பனங்கள்ளோ கிடக்கத் தெரியாதது. மரத்தில் கட்டிய முட்டியிலேயே புளிக்கத் தொடங்கி, இரண்டொரு நாளில் வினாகிரிக்கு வழிவிட்டுவிடும். ஆகவே எந்தப் பனை, ஆணா பெண்ணா, சீவினவர் ஆர் என்றெல்லாம் விசாரித்த பிறகே ஓலைப் பிளாவை ஏந்துவது இவ்வூர் மரபு. இம்மரபில் வந்தவர் அமெரிக்க மலிவு லாகரை நயக்கக் கூடுமோ எனின், கூடும் என்பதே எமது துணிபு.

முன்னோர் ஆய்வு இத்துறையில் குறைவு. நாரந்தனை இருக்கும் தீவுக்கு லைடன் என்றும், ஊர்காவற்றுறைக்கு எதிரே கடலுக்குள் நிற்கும் கோட்டைக்கு ஹம்மன்ஹீல், அதாவது பன்றித்தொடையின் குதி என்றும் ஒல்லாந்தர் பெயரிட்டனர். குடிக்குத் துணையான பைற்ஸின் பெயரைக் கோட்டைக்கு வைத்தவர்கள் பியரின் பெயரை எதற்கும் வைக்காமற் போனதேன் என்பது தனி ஆய்வுக்குரியது.

எமக்குக் கிடைத்த மூலங்கள் ஆறு ரின், ஒவ்வொன்றும் 355 மில்லிலீற்றர். விடுமுறைக்கு வந்த மச்சான் சொக்கிலேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவே பொதிந்து கொண்டுவந்த பட்வைசர், 1876இல் சென் லூயிஸில் பிறந்த சரக்கு. அரிசி சேர்த்ததை ரின்னிலேயே ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார்கள். அக்கால அமெரிக்க வாற்கோதுமையில் புரதம் கூட. அது பியரைக் கலங்கலாக்கும். அரிசியோ சோளமோ சேர்த்தால் தெளியும், உடம்பும் இலேசாகும். எங்கள் மொட்டைக்கறுப்பன் அரிசி அல்லத்தான். ஆனாலும் பழஞ்சோற்றுத் தண்ணிக்கு இது ஒன்றுவிட்ட சகோதரம் என்று கொள்வதில் இலக்கணத் தடை எதுவுமில்லை.

ஐந்து ரின்களை மீன்பெட்டி ஐஸில் புதைத்தோம். ஒன்றை வேலியோரம் வெயிலில் விட்டோம். வெயில் பிரதி கழுநீர் என்பதில் உரைகாரரான மச்சானுக்கும் எமக்கும் உடன்பாடு. ஐஸ் பிரதியில் முதலில் குளிர், பிறகு நுரை, பிறகு கசப்பென்று சொல்லத்தக்க ஏதோவொன்று, அதன்பின் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாமைதான் கைவண்ணம். ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலும் அதே ஒன்றுமில்லாமையை வரவைப்பது சின்ன வேலையல்ல. (குளிர்ந்ததும் ரின்னிலுள்ள மலைப்படம் நீலமாகும் வகையொன்றும் அமெரிக்காவில் உண்டு. கையால் தொட்டுப் பார்க்கத் தெரியாதோருக்கான உரைநூல் அது.)

சங்கச் சான்றும் உண்டு. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் முழுவதையும் எங்களுக்கே தந்துவிடுவான் என்று அதியமானை நினைத்து ஔவையார் புறநானூற்றில் அழுகிறார். அருமையான பொருளைக் கொடுத்தால்தான் கையறுநிலை பிறக்கும். முப்பது ரின் பெட்டியோடு வருபவன் செத்தால் அதைச் சொல்லி எந்தப் புலவரும் அழமாட்டார்.

இறுதியாக, எழுபது வருட அனுபவமுள்ள பெரியையாவிடம் மேலாய்வுக்கு ஒரு ரின் சமர்ப்பிக்கப்பட்டது.

"ஆர் சீவினது?"

"மிஷின், பெரியையா. எங்க வாங்கினாலும் ஒரே ருசிதான்."

"அப்ப சரியில்லாட்டி ஆரைப் பேசிறது?"

மச்சானிடம் மறுமொழி இல்லை. பெரியையா குடித்து முடித்து, "குறை சொல்ல ஒண்டுமில்லை" என்றார். இன்னொன்றும் வாங்கிக் குடித்தார். வெறும் ரின்களை மட்டும் திருப்பித் தந்துவிட்டார்: பிளாவென்றால் மாடாவது தின்னுமாம்.