சீசன் சித்தப்பா

சென்னையில் குடியேறிய நெல்லைக்காரக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் தென்காசியில் ஒரு சித்தப்பா உண்டு. வருஷத்தில் பாதி நாள் அவரை யாரும் நினைப்பதில்லை. ஜூன் பிறந்துவிட்டால் அவர் போன் ஓயாது. நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது, எடுத்த எடுப்பிலேயே, "சித்தப்பா, குத்தாலத்துல தண்ணி விழுதா?"

உடனே பதில் வந்துவிடாது. மொட்டை மாடிக்கு ஏறி மேற்கே பார்ப்பார். மலை தெரிந்தால் வெயில். மலையைக் காணோமென்றால் சாரல். அதற்கு மேலும் சந்தேகம் என்றால் காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் போய் நிற்பார். அங்கே என்றைக்கும் காற்றுதான். ஆனால் அது வேட்டியை என்ன வேகத்தில் இழுக்கிறது என்பதில் அவருக்கு ஒரு கணக்கு. "தென்மேற்குப் பருவமழைய மலை அம்புட்டையும் கேரளத்துக்குக் குடுத்துட்டு, ஆரியங்காவுக் கணவாய்ல நமக்குன்னு ஒரு சன்னலைத் திறந்து வச்சிருக்கு" என்பது அவர் புவியியல். பாடப்புத்தகமும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது, இவ்வளவு ருசியாக இல்லாமல்.

மேகம் எப்படியோ போகட்டும். அருவியில் எவ்வளவு தண்ணீர் என்பது கேட்கும் ஆளைப் பொறுத்தது. சம்பந்தி வீட்டார் கேட்டால் ஐந்தருவியின் ஐந்து கிளையும் கொட்டும். கைமாற்று வாங்கித் திருப்பித் தராத மைத்துனர் கேட்டால் அது ஒன்றரை அருவியாகிவிடும். நாலு நாள் என்று வந்து பதினொரு நாள் தங்கிப் போன கோஷ்டி என்றால் சித்தப்பா வெள்ளத்தையே திறந்துவிடுவார்: "மெயின் அருவில ஆர்ச்சைத் தாண்டி அடிக்கி. போலீஸ் குளிக்க விடல. பழைய குத்தாலமும் அடைச்சாச்சு." விருந்தாளியைத் தடுக்க வறட்சியைவிட வெள்ளம்தான் கௌரவம். ஊர் மானமும் போகாது.

வந்து சேர்ந்தவர்களுக்குப் பொங்குமாகடல் பற்றிய பிரசங்கம் கட்டாயம். மேலிருந்து வரும் தண்ணீர் பாறையில் உள்ள அந்தப் பள்ளத்தில் விழுந்து, கோபம் தணிந்து, பொங்கி வழிவதால்தான் கீழே நம் முதுகெலும்பு பிழைக்கிறது. பள்ளத்தைத் தாமே தோண்டியதுபோலச் சொல்வார்.

போன ஆனியில் அந்தப் பதினொரு நாள் கோஷ்டியிலிருந்து அண்ணன் மகன் கூப்பிட்டான். வழக்கமான வெள்ளம் அறிவிக்கப்பட்டது.

"அப்ப சரி சித்தப்பா. நாங்க நேரா பாலருவிக்குப் போயிடறோம். அது முந்நூறு அடியாமே."

சித்தப்பாவுக்குச் சுருக்கென்றது. "ஏல, குத்தாலத்தை இங்க வச்சுக்கிட்டு எல்லை தாண்டிப் போயா குளிப்ப? பொதிகைல டிக்கெட்டப் போடு."

"போலீஸ் விடலைன்னீங்களே?"

"அது காலைல. இப்ப வடிஞ்சிட்டு. இதமா விழுது. வா, பிரானூர்ல பரோட்டா தின்போம், மங்குஸ்தான் வாங்கித் தாரேன்." சற்று நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "எத்தனை பேருல?"

"பன்னெண்டு பேர் சித்தப்பா."

போனை வைத்துவிட்டு அடுக்களைப் பக்கம் திரும்பினார்.

"ஏ, நம்ம அண்ணன் வீட்ல இருந்து ஆறு பேர் வாராவ."