நேரடியாக யாரும் கொல்லவில்லை

தென்னாப்பிரிக்காவை ஓராண்டுக்கு மேலாக ஆட்டிவைத்த லிஸ்டீரியா கிருமி எங்கிருந்து கிளம்பியது என்பதை 2018 மார்ச் 4 அன்று சுகாதார அமைச்சர் ஆரோன் மோட்சொவாலேடி போட்டு உடைத்தார். போலோக்வானேவில் டைகர் பிராண்ட்ஸ் நடத்திய எண்டர்பிரைஸ் இறைச்சி ஆலை. மறுநாளே நிறுவனத்தின் தலைமை நிர்வாகி வாய் திறந்தார்: எங்கள் பண்டத்துக்கும் சாவுகளுக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லையாம்.

நியாயம்தானே! நோயாளிகளில் ஐந்தில் இருவர் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத சிசுக்கள். பல் முளைக்காத பிள்ளை அந்த ஆலையின் போலோனி இறைச்சியைத் தின்னுமா? தின்றவள் தாய். விலை மலிவு என்று ரொட்டிக்கு நடுவே வைத்துத் தின்றாள். கிருமி நஞ்சுக்கொடி வழியே உள்ளே போனது. நடுவில் ஒருத்தி இருக்கிறாளே, அப்புறம் அது எப்படி நேரடியாகும்?

அவளைக் கேட்டுப் பார்க்கலாமா? இந்தக் கிருமி உள்ளே போய் 70 நாள் கழித்தும் நோயைக் காட்டும். இரண்டு மாதத்துக்கு முன் மதியம் என்ன சாப்பிட்டாய், எந்தக் கடையில் வாங்கினாய் என்று பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் கேட்க வேண்டும். ஆலைக்காரருக்கு இதைவிடக் கெட்டிக்கார வக்கீல் கிடைப்பாரா?

அரசாங்கமும் சளைத்ததல்ல. லிஸ்டீரியா வந்தால் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்ற விதியே 2017 டிசம்பரில்தான் வந்தது. அதற்குள் 500 பேருக்கு மேல் படுத்துவிட்டார்கள்.

கடைசியில் துப்புக் கொடுத்தது சோவெட்டோவில் ஒரு குழந்தைகள் காப்பகம். வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரிக்கு வந்த பிள்ளைகளைப் பார்த்த மருத்துவருக்குச் சந்தேகம் தட்டியது. அதிகாரிகள் போய்க் காப்பகத்து ஃபிரிட்ஜைத் திறந்தார்கள்: போலோனி. அங்கிருந்து ஆலைக்குப் போய் முந்நூறுக்கு மேல் மாதிரிகள் எடுத்து மரபணு வரிசையைப் பார்த்தால், பெரும்பாலான நோயாளிகளிடம் இருந்த அதே எஸ்.டி.6 ரகம் அங்கே குடியிருந்தது.

லிஸ்டீரியாவுக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. மற்ற கிருமிகள் சுருண்டு கிடக்கும் ஃபிரிட்ஜில் அது நிதானமாகப் பெருகும். எந்த ஆலையிலானாலும் வடிகாலிலும் இயந்திர இடுக்கிலும் வழுவழுப்பாகப் படலம் கட்டிக்கொண்டால், மேலோட்டமாக மருந்தடித்துக் கழுவினால் போகாது. இயந்திரத்தைக் கழற்றித் தேய்க்க வேண்டும். அதற்கு உற்பத்தியை நிறுத்த வேண்டும். ஒரு நாள் நிறுத்தினால் எவ்வளவு நட்டம் என்பது எல்லா முதலாளிக்கும் பைசா சுத்தமாகத் தெரியும்.

1,060 பேர் நோயுற்றார்கள், 216 பேர் செத்தார்கள். உலகில் பதிவான லிஸ்டீரியா பரவல்களிலேயே இதுதான் பெரியது. கூட்டு வழக்குத் தொடர 2018 டிசம்பரில் நீதிமன்றம் அனுமதித்தது. அதற்குப் பிறகும் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. தப்பு செத்தவர்கள் மேல்தான். போலோனியின் சிவப்பு உறையையும் கடை ரசீதையும் பத்திரப்படுத்திவிட்டல்லவா செத்திருக்க வேண்டும்?