குதிரைக்கு முன் லாயம்

கேள்வி: கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸுக்குத் தினமும் சரக்கு ஏற்றுகிறேன். என் 2016 ஹைலக்ஸ் 2.8-இன் சக்தியை, எஞ்சின் கெடாமல் கூட்ட முடியுமா?
– வாசகர், கிள்ளான்

பதில்: முடியும் ஐயா, அளவோடு. 2020-இல் டொயோட்டாவே இந்த எஞ்சினை 177 குதிரைத்திறனிலிருந்து 204-க்கு உயர்த்தியது. அந்த 27 குதிரைகளுக்காக டர்போவைப் பெரிதாக்கினார்கள். பிஸ்டனையும் டீசல் தெளிப்பையும் மாற்றினார்கள். பட்டறையில் எஞ்சின் கணினியை மட்டும் திருத்தி அதே சக்தியைக் கேட்பது, லாயம் கட்டாமல் குதிரை வாங்குவது.

அப்படித் திருத்திய வண்டிகள் கக்கும் கரும்புகையைப் பார்த்து, அதுதான் சக்தி என்று மயங்காதீர்கள். அது முழுதாக எரியாத டீசல்; 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35-க்கு ஏறிய அதே டீசல்!

முதலில் காற்று வடிகட்டி, டீசல் வடிகட்டி, இன்டர்கூலர் குழாய்க் கசிவு ஆகியவற்றைப் பாருங்கள். தொலைந்த சக்தி பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். கியர் எண்ணெயையும் மாற்றுங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் மிதமான கணினித் திருத்தம் போதும். கூடவே புகைக்குழாய் வெப்பமானி ஒன்று கட்டாயம். வெப்பம்தான் டர்போவின் எமன்.

என் பணமென்றால் முதல் ரிங்கிட் பிரேக்குக்கே. ஃபெடரல் நெடுஞ்சாலையின் மாலை நெரிசலில் 204 குதிரைகளும் நின்றுதானே ஆக வேண்டும்?