முப்பது வருஷ வில்லங்கம்

பால்காய்ப்பு வீட்டுக்கு வருகிறவர்கள் தரையைப் பார்த்து, "டைல்ஸ் எங்க எடுத்திய?" என்று கேட்பார்கள். பாங்க் வக்கீலிடம் ஜூனியராக இருக்கிற பையன் உள்ளேயே வரமாட்டான். வாசலில் நின்று எல்லைக்கல்லைத் தேடுவான். வந்த வழி பஞ்சாயத்து வழியா, பக்கத்துப் புரையிடத்துக்காரர் பெரிய மனசு பண்ணி விட்ட வழியா என்று கணக்குப் போடுவான். மொய்க் கவரை நீட்டும்போதுதான் வாயைத் திறப்பான்.

"அண்ணாச்சி, இது அப்ரூவ்டு பிளாட்டா? பிளாட் ரெஜிஸ்டர் ஆனது 2016 அக்டோபர் 20-க்கு முன்னயா, பின்னயா?"

அண்ணாச்சிக்கு அடுப்பில் பால் பொங்குகிறது. இவனுக்கு அங்கீகாரமில்லாத மனைகளின் கெடு தேதி பொங்குகிறது. அண்ணாச்சி பெண்டாட்டி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னவாம்?" என்பாள். அன்று ராத்திரி அந்த வீட்டில் பீரோ திறக்கப்படும்.

கல்யாணப் பந்தியில் இவன் பக்கத்தில் இலை கிடைத்தால் போச்சு. பருப்பு விளம்பியதும் ஆரம்பிப்பான். "மாமா, கடன் வாராக்கடன் ஆச்சுன்னா முதல்ல பதிமூணு-ரெண்டு நோட்டீஸ். 60 நாள் டைம்." பப்படத்தை நொறுக்கிப் பிசைவதற்குள் சாம்பார் வரும். கடன்காரன் ஆட்சேபம் எழுதினால் 15 நாளுக்குள் பாங்க் பதில் சொல்லவேண்டும் என்பது சாம்பாரோடு வரும். பாயசம் வரும்போது சொத்தைச் சுவாதீனம் எடுத்து நோட்டீஸ் ஒட்டிவிடுவான். அதை இரண்டு பத்திரிகையில் போடவேண்டும், ஒன்று தமிழாக இருக்கவேண்டும். ரசத்துக்கு மதுரை. அங்கேதான் நம் நாகர்கோவில் பக்கத்துக்கான கடன் வசூல் தீர்ப்பாயம் இருக்கிறது. 45 நாளுக்குள் போய் விழவேண்டும். மோர் ஊற்றும்போது ஏலம் முடிந்திருக்கும். 2002-ஆம் வருஷத்து சர்ஃபேசி சட்டத்தை ஒரு சத்யாவுக்குள் நடத்தி முடிக்கிற சாமர்த்தியம் மதுரை பெஞ்சிலேயே யாருக்கும் இருக்காது. போன ஆவணியில் எதிர்ப்பந்தியில் இருந்த பெண்ணின் தாய்மாமா மோருக்குக் காத்திராமல் இலையை மடக்கிவிட்டு எழுந்தார். அவர் எந்தக் கட்டத்தில் இருந்தாரோ.

கை கழுவும் இடத்திலும் விடமாட்டான். "மண்டபத்துக்குப் பின்னால இன்னும் நஞ்சையில நெல்லுதான் கிடக்கு, பாத்துக்கிடுங்க. விவசாய நிலத்துல இந்தச் சட்டம் செல்லாது. 31-வது பிரிவு." மண்டபக்காரர் கடன் வாங்கியிருக்கிறாரா என்றே யாருக்கும் தெரியாது. இவன் அதற்குள் அவரைக் காப்பாற்றிவிட்டான்.

துஷ்டி வீட்டில் பதினாறு அடியந்திரம் கழியுமுன் வாரிசுச் சான்று கேட்பான். பெண் பார்க்கப் போன இடத்தில் பட்டா யார் பெயரில் என்று கேட்டானாம். இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

ஒன்று சொல்லவேண்டும். நாஞ்சில் நாட்டுப் பத்திரத்தைப் படிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. 1949 வரைக்கும் நாம் திருவிதாங்கூர்; அப்புறம் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி. பழைய ஆதாரங்கள் மலையாளத்தில் இருக்கும்; தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். 1120 என்றால் 1944-45 என்று இவன் மனக்கணக்காகச் சொல்வான். அதற்கும் பின்னால் போனால், சொத்து மருமகனுக்குப் போகிற மருமக்கள் வழி. கவிமணி அதைக் கிண்டல் பண்ணி ஒரு மான்மியமே எழுதினார். கொல்லம் 1101-இல் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்து அதற்கு முடிவு கட்டியது. ஆனால் அன்றைய பாகப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாத ஒரு மருமகன் இன்றைக்கும் இவன் கனவில் வருகிறான்.

பாங்க் கேட்பது முப்பது வருஷத்து வில்லங்கம். சீனியர் கோர்ட்டில் நிற்பார். சார்பதிவாளர் ஆபீஸ் வராந்தாவில் இவன் நிற்பான். ஒருதடவை பூதப்பாண்டிப் பக்கம் ஒரு வீடு. பட்டா சரி, வரி ரசீது சரி, வில்லங்கச் சான்றில் தானசெட்டில்மென்ட் என்று ஒரே வரி. புரோக்கருக்கு அவசரம், கிளையில் அதைவிட அவசரம். இவன் நகல் மனுப் போட்டு முழுப் பத்திரத்தையும் வாங்கி வாசித்தான். ஏழாம் பக்கத்தில், தாயார் ஆயுள்காலம்வரை அந்த வீட்டில் குடியிருக்கலாம் என்று இருந்தது. கிழவி உள்ளே இருக்கிறாள். மகன் வெளியே விற்றுக்கொண்டிருக்கிறான். கடன் நின்றது. மகன் இவனை வடசேரி பஸ் ஸ்டாண்டில் வைத்து வாய்க்கு வந்தபடி வைதான்.

இவன் பயத்துக்குக் காரணம் உண்டு. வீட்டுக்கடன் மோசடி ஒன்றில் தப்பான ஒப்பீனியன் கொடுத்ததாக ஒரு வக்கீலையே சிபிஐ குற்றவாளியாகச் சேர்த்தது. சதியில் பங்கு இருந்தாலொழிய கருத்துச் சொன்னதற்காகத் தண்டிக்க முடியாது, உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது சரிதான் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இவன் அதில் 'விடுவித்தது' என்பதை மறந்துவிட்டான். 'சிபிஐ' என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஒப்பீனியனில் சீனியர் கையெழுத்து, சீனியர் முத்திரை. ஃபீஸும் அங்கேதான் போகும். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர்களுக்கு உதவித்தொகை கொடுத்தே ஆகவேண்டும் என்றது: சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000. நாகர்கோவில் இரண்டாம் வகை. கிடைக்கிறதா என்று கேட்டேன். "தருவாவ மாமா" என்றான். மூன்று தலைமுறைப் பத்திரத்தில் ஓட்டை கண்டுபிடிக்கிறவனுக்குத் தன் சம்பளத்தில் இருக்கிற ஓட்டையை எழுதிக் கேட்கத் துணிவில்லை. இது சிரிக்கிற விஷயமில்லை. லட்சக்கணக்கான கடனுக்கு இவன் கண்ணை நம்புகிறவர்கள், மாசம் பிறந்தால் இவன் பெட்ரோல் காசுக்கு யோசிப்பது அநியாயம்.

இவனை இனி விசேஷத்துக்குக் கூப்பிடக்கூடாது என்று எங்கள் தெருவில் பேச்சு நடக்கிறது. அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். வீட்டுக்கடனை அடைத்தபின் ஒரிஜினல் பத்திரம் கைக்கு வந்ததோடு விட்டுவிடுகிறோம். அடமானம் வில்லங்கத்தில் அப்படியே கிடக்கிறது. 2017-இல் ஸ்டேட் பாங்கோடு சேர்ந்துபோன திருவிதாங்கூர் ஸ்டேட் பாங்க் பெயரில் இன்னும் அடமானம் நிற்கிற வீடுகள் உண்டு. பாங்கைக் கூட்டிக்கொண்டு போய் ரசீதுப் பத்திரத்தைப் பதிந்துவிடுங்கள். அடுத்த கல்யாணத்திலாவது அவன் வாயை மூடிக்கொண்டு பாயசம் குடிக்கட்டும்.