அடக்கத்தின் விலை

காசைச் செலவழித்துவிட்டு அதை ஊரறியக் காட்டிக்கொள்ளும் அற்ப குணம் மலிந்துவிட்ட இக்காலத்தில், சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குக் காரை ஓட்டிச் சென்று, கதவுப் பலகைகளைக் கழற்றச் செய்து, உள்தகரத்தில் அதிர்வடக்கும் பியூட்டைல் தாள் ஒட்டி, இருக்கைக்கு அடியில் ஆம்ப்ளிஃபயரையும் ஸ்டெப்னி இருந்த குழியில் சப்வூஃபரையும் பிரதிஷ்டை செய்து, அதன்மேல் கம்பெனி விரிப்பைப் பழைய சுருக்கம்கூடக் கலையாமல் போர்த்தித் திரும்பும் கனவான்களின் அடக்கத்தை எவ்வளவு சிலாகித்தாலும் தகும். ஸ்டெப்னி எங்கே என்று வினவுவது ரசனையற்றோர் சுபாவம். டயர் பஞ்சரானாலும் சங்கீதம் பஞ்சராகாதே!

டேஷ்போர்டில் பழைய ரேடியோ அப்படியே வீற்றிருக்க, அதன் ஒலியிலுள்ள குறைகளை டிஎஸ்பி என்னும் பெட்டி மறைவில் நிவர்த்தி செய்கிறது. இதன் பயனாக, அண்ணா சாலை நெரிசலில், ‘இடப்பக்கம் திரும்பவும்’ என்னும் கூகுள் அம்மையாரின் ஆக்ஞை அசரீரியின் காம்பீரியத்தோடு ஒலிக்கிறது. மேலும் பக்குவமடைந்தோர், காண்பதற்கு மட்டுமன்றிக் கேட்பதற்கும் கம்பெனிச் செட்டைப் போலவே இருக்கும்படி சத்தத்தைக் குறைத்துவிடுவதே பூரண சித்தி என்பர்.

அத்தகைய சித்தர் ஒருவர் சென்ற மாதம் வண்டியை விற்கப் போனார். டேஷ்போர்டைப் பார்த்த தரகர், “கம்பெனி செட்டுதானா சார்? ஆண்ட்ராய்டு ஸ்கிரீன்கூடப் போடலையா?” என்று சொல்லிப் பத்தாயிரம் குறைத்தார். வேலை அவ்வளவு சுத்தம்.