சூட்கேஸ் மாமா

ஸ்ரீரங்கத்தில் யார் வீட்டுப் பிள்ளைக்காவது விசா வந்துவிட்டால், சேதி முதலில் பெருமாளுக்கும் அடுத்து சூட்கேஸ் மாமாவுக்கும் போகும். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டில் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி உத்திர வீதியில் விசாரித்தால், "அப்படி யாரும் இல்லையே" என்பார்கள்.

திருச்சி ஜங்ஷன் பார்சல் ஆபீஸில் 34 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். மூட்டையைப் பார்த்தாலே எடை சொல்லுவார். இந்த ரகத்து மனிதர்கள் தில்லைநகரிலும் இருக்கிறார்கள், உறையூரிலும் இருக்கிறார்கள். பொது அடையாளம் ஒன்றுதான்: யாரிடமும் பாஸ்போர்ட் இருக்காது.

மாமாவின் தராசு அவரேதான். குளியலறையில் வைக்கிற எடை மெஷின் மேல் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு ஏறுவார். வருகிற எண்ணில் 58-ஐக் கழித்தால் பெட்டியின் எடை. 58 அவருடைய எடை. ஏகாதசியன்று மட்டும் அரை கிலோ தள்ளிக் கணக்குப் போட வேண்டும்; மறுநாள் துவாதசிப் பாரணை முடிந்து ஏறினால் ஒரு கிலோ சேர்த்து. ஏர்போர்ட் கவுண்டரில் இதுவரை நூறு கிராம்கூடத் தப்பியதில்லை என்பது அவர் பெருமை. விமான டிக்கெட்டில் 23 கிலோ என்று போட்டிருந்தால், ராமநாமம் மாதிரி அதையே சொல்லிக்கொண்டிருப்பார்.

மற்றபடி உலக ஞானம் எல்லாம் பெட்டி வழியாகத்தான். ஆஸ்திரேலியா என்றால் அவருக்கு கங்காரு கிடையாது: "விதை எதுவும் ஆகாது. ஷூவுல மண் ஒட்டிண்டிருந்தாக்கூட நிறுத்திடுவான்." பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், மோர்மிளகாய், நார்த்தங்காய். எல்லாவற்றுக்கும் இரட்டைக் கவர், கவருக்கு இரண்டு ரப்பர் பேண்ட். ஊறுகாயை மட்டும் தானே கட்ட மாட்டார். கடையில் சீல் போட்டு வாங்க வேண்டும். "எண்ணெய் மேலே நிக்கணும், காத்து உள்ளே நிக்கக் கூடாது" என்று அதற்கும் இலக்கணம் வைத்திருக்கிறார்.

இப்படிப்பட்டவரிடம்தான் எங்கள் எதிர்வீட்டுப் பெண், அமெரிக்காவில் படிக்கிறவள், மார்கழி லீவுக்கு வந்தபோது சொன்னாள்: "மாமா, அடுத்த செமஸ்டர் கப்பல்ல."

மாமாவுக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். 'செமஸ்டர் அட் சீ' என்று பெயர், 1963-இலிருந்து நடக்கிறது. நூறு நாளைக்கு மேல் கப்பலிலேயே வாசம். கடலில் போகிற நாளில் வகுப்பு, துறைமுகத்தில் நிற்கிற நாளில் ஊர் பார்ப்பது. மார்க்கெல்லாம் கொலராடோ ஸ்டேட் யுனிவர்சிட்டி கணக்கில் ஏறும்.

"அட்டென்டன்ஸ் உண்டோ?"

"நடுக்கடல்ல கட் அடிச்சுட்டு எங்கே மாமா போறது?"

அவள் பாட்டிதான் குறுக்கே விழுந்தாள். விமானத்தில் போனால் கடல் கீழே எங்கேயோ கிடக்கிறது, கண்ணை மூடிக்கொள்ளலாம். கப்பலில் போனால் அப்பட்டமாகச் சமுத்திரம் தாண்டுவதாகுமாம். மாமா விடவில்லை. "பெருமாள் பள்ளிகொண்டதே பாற்கடல்ல. நம்மூர்ல தெற்குப் பார்த்துப் படுத்து, கடலுக்கு அந்தண்டை இருக்கற லங்கையைப் பார்த்துண்டிருக்கார். நாமளே காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல தீவுலதானே இருக்கோம்? பாலம் போட்டுட்டா தீவு இல்லைன்னு ஆயிடுமா?"

அதோடு ஆதாரங்களையும் அடுக்கினார். இதே ஸ்ரீரங்கத்து டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் 1907-இலேயே மருத்துவம் படிக்க இங்கிலாந்து போனவர். திரும்பி வந்து சுகாதார மந்திரியாகவும் ஆனார். கணித மேதை ராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று சென்னையில் 'நெவாசா' கப்பல் ஏறுவதற்குமுன் குடுமியை எடுத்து, முள்கரண்டி பிடிக்கப் பழகினார். பாட்டி, பேத்தியின் தோள்வரை வெட்டிய கூந்தலைப் பார்த்து, "இவளுக்கு அந்தச் செலவு மிச்சம்" என்றாள்.

மாமாவுக்கு மிகவும் பிடித்த கதை வரகனேரி வ.வே.சு. ஐயருடையது. பாரிஸ்டர் படிக்க லண்டன் போனவர், 1910-இல் போலீஸ் கண்ணுக்குத் தப்பி சீக்கியர் வேஷத்தில் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். வழியில் பெட்டி மேலிருந்த வி.வி.எஸ். என்ற எழுத்துகளை ஒருத்தன் சந்தேகப்பட, "வீர் விக்ரம் சிங், என் பேர்" என்று சமாளித்தாராம். நாட்டுக்கு இது வீர வரலாறு. மாமாவுக்கு இது லேபிள் ஒட்டுவது பற்றிய பாடம். "பெட்டி மேல இனிஷியல் மட்டும் போடு. முழுப்பேர் போட்டிருந்தா அன்னிக்கு ஐயர் கதை முடிஞ்சிருக்கும்."

சம்மதம் வாங்கிக் கொடுத்தாயிற்று. பெட்டி கட்ட உட்கார்ந்தபோதுதான் மாமா தோற்க ஆரம்பித்தார். கப்பலில் இண்டக்ஷன் அடுப்பு கூடாது, தீப்பிடிக்கும் பயம். ரைஸ் குக்கர் கூடாது, இஸ்திரிப் பெட்டியும் கூடாது. புளிக்காய்ச்சலைப் பிசைய சாதம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் பத்துத் துறைமுகத்துக்கும் பத்து விதச் சட்டம். ஒரு நாட்டுக்கு ஒரு பெட்டி என்பது மாமாவின் சித்தாந்தம். ஒரே பெட்டி பத்து நாட்டுக்கும் போவதை அவர் பார்சல் ஆபீஸில்கூடப் பார்த்ததில்லை.

வழியில் கானா இருப்பதால் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொள்ள அவள் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய் வர வேண்டியிருந்தது. "இதுக்கு எதுக்கு மெட்ராஸ்? கீழாநெல்லி போருமே!" என்றார். அது மஞ்சள்காமாலை, இது கொசு கொண்டுவருவது, பத்து நாள் முன்னாடியே போட்டாக வேண்டும், சர்ட்டிபிகேட் ஆயுசுக்கும் செல்லும் என்றெல்லாம் சொன்னதும் அப்படியே அடங்கிப்போனார். இரண்டு நாள் திண்ணைப் பக்கமே காணோம்.

மூன்றாம் நாள் காலை, வாசலில் கோலம் காய்வதற்குள் வந்துவிட்டார். கையில் பித்தளைத் தூக்கு. "கப்பல்ல தலை சுத்துமோன்னோ? குமட்டுமோன்னோ?" குரலில் பழைய கம்பீரம். தூக்கில் சுக்குப்பொடி, காந்தி மார்க்கெட்டில் சுக்கு வாங்கி அவரே இடித்துச் சலித்தது. 200 கிராம் போட இடம் வேண்டுமென்று, அவள் எதிர்ப்பையும் மீறி ஒரு ஜீன்ஸை வெளியே எடுத்துப் போட்டார்.

கிளம்புகிற நாள் வைகுண்ட ஏகாதசிக் கூட்டம். ஆட்டோ வீதிக்குள் வர முடியவில்லை. சொர்க்கவாசலுக்குப் போகிற ஜனத்துக்கு எதிர்த்திசையில், கப்பல் ஏறுவதற்காக சிங்கப்பூர் வழியாக பாங்காக் போக வேண்டிய சூட்கேஸைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாமா நடந்தார். "ஏர்போர்ட்டு, ஏர்போர்ட்டு" என்று கத்தியதில் வழியும் விட்டார்கள். ஏர்போர்ட்டின் புது டெர்மினலில் பெட்டியை வைத்தபோது 23.5 காட்டியது. மாமா முகம் வெளிறிவிட்டது. அன்று உபவாசம், கழிப்பதில் அரை கிலோவை மறந்திருக்கிறார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சுக்குப்பொடியையும் ஒரு புத்தகத்தையும் கைப்பையில் மாற்றிக்கொண்டாள்.

ஆறு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் படம் வந்தது. கேபின் ஜன்னலில் இந்துமகா சமுத்திரம், தகதகவென்று. வீடே கூடி நின்று பார்த்தது. பாட்டி கையெடுத்துக் கும்பிட்டாள். மாமா போனை வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, கடலை ஓரம் தள்ளி, மேஜையின் மூலைக்குப் போனார்.

"சுக்குப்பொடிக் கவர் பாரு. ரப்பர் பேண்ட் எங்கே? கடல் காத்துக்குக் கட்டி தட்டிப்போயிடும்னு எழுது அவளுக்கு."